மடியை உதறச் சொன்ன மகள்

ஐப்பசி 12, புதன்.

மழை விடவில்லை. தூக்கமும் வரவில்லை.

எங்கள் ஏலத்தோட்டத்தில் சாயங்காலம் ஸ்டோரில் காயை எடை போட்டதும், பறித்த பெண்கள் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். திருட்டுக்குப் பயந்து துரை போட்ட சட்டம். உதறச் சொல்வது கணக்கப்பிள்ளையான என் சோலி.

காலையில் வேலைக்குப் போகும் வழியில், காய் பறிக்கும் வீரம்மா என் மகள் செல்லத்துக்கு மடி நிறைய நெல்லிக்காய் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பியவளை, ஐந்து வயதுப் பிள்ளை இடுப்பில் கைவைத்து மறித்தது.

"ஏய், மடிய உதறுடி!"

வீரம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். குனிந்த தலையோடு உதறினாள்.

"பெரியவங்கள வாங்க போங்கன்னு சொல்லணும்த்தா" என்றேன்.

"நீங்க அப்படித்தானப்பா சொல்றீக?"

சாயங்காலம் வழக்கம்போல் செல்லம் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். அவளுக்காகவே முதல் பெண்ணிடம், "மடியை உதறுங்கம்மா" என்றேன். கங்காணி பெரிதாகச் சிரித்தார். தராசுப் பக்கம் நின்ற துரை திரும்பி என்னை முறைத்தார். இந்த வேலை போனால் சொந்த ஊரான சிலமலையில் எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

அடுத்து நின்றவள் வீரம்மா. "உதறுடி" என்றேன்.

படுக்கும்போது செல்லம் கேட்டாள்: "அப்பா, தொர பாக்காதப்ப மட்டுந்தான் வாங்க போங்கன்னு சொல்லணுமா?"

தூங்குத்தா என்றேன். தூங்கிவிட்டாள். நாளைக்கும் வாசலில் வந்து நிற்பாள்.