ஸ்கொட்லாந்துக் கோல்காப்பாளனின் கடைசிப் பக்கம்

உம்முடைய மகள் முந்தநாள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து எங்கள் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திறந்ததும் நோவுக்குப் பூசுகிற எண்ணெய் மணத்தது. இத்தனை வருடமும் இடது தோளில் எண்ணெயைப் பூசிப்போட்டு, கையைக் கழுவாமலே பக்கங்களைப் புரட்டியிருக்கிறீர். கொப்பியைத் தொட முன்னம் கையைக் கழுவும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஓரம் சுத்தமான பக்கம் ஒன்றுகூட இல்லை.

"அங்கிள், அப்பாவின்ர முப்பத்தோராம் நாள் பூசைக்கு மலர் அடிக்கிறம். இதைத்தான் அதில போடச் சொன்னவர். பிழை திருத்தித் தாங்கோ. செவ்வாய்க்கிழமை பிரிண்டுக்குப் போகவேணும்," என்றாள்.

தன்னுடைய நினைவு மலரில் இன்னொருவனின் கதையைப் போடச் சொல்லிவிட்டுப் போன ஆள் உலகத்தில் நீர் ஒருவராகத்தான் இருப்பீர். அதுவும் யார்? நூறு வருடங்களுக்கு மேல் முன்னே கிளாஸ்கோவில் விளையாடிய ஒரு கோல்காப்பாளன். மலரைக் கையில் வாங்குகிற சனம் முதலில் உம்முடைய படத்தைப் பார்க்கும், பிறகு செபத்தைப் பார்க்கும். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் மீசை வைத்த வெள்ளைக்காரன். "இது ஆர்?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல நீர் இருக்கமாட்டீர். கோயில் வாசலில் நின்று நான்தான் விளக்கவேண்டும்.

அவனை உமக்குக் காட்டியவன் நான். அந்தப் பிழை என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே மெல்பேர்னில், டண்டினொங்கில் நம் ஊர்ச் சங்கங்கள் நடத்திய நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி அது. நீர் உங்கள் ஊருக்குக் கோல்காப்பாளர். நான் எங்கள் ஊருக்கு முன்வரிசை ஆட்டக்காரன். உயர்ந்து வந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றீர். நான் ஓடிவந்த வேகத்தில் வலத் தோளால் இடித்தேன். பந்தோடு சேர்ந்து கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தீர். நடுவர் கோல் என்று விசில் ஊதினார். நாங்கள் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டு நின்றபோது உம்மை அம்புலன்சில் ஏற்றினார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. நீரும் கோலுக்குள் மறுபடி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தேன். நோவைப் பற்றி ஒரு சொல் சொன்னீரா? "ஐசே, அது பவுல்," என்றீர்; நான் இடித்தது ஆட்ட விதிக்கு மாறாம். அவ்வளவுதான். ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். பவுல் என்றதும் எனக்கு வாதாடும் வெறி பிடித்துக்கொண்டது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்து ஆங்கிலம் படித்தவன். எதைச் சொன்னாலும் ஆதாரத்தோடு சொல்வேன். நூலகத்தில் தேடி, ஆரம்பகால உதைபந்தாட்டத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ரயில் மாறி வெரிபீக்கு உம்முடைய வீட்டுக்கு வந்தேன். அதற்குள்தான் அவன் இருந்தான். அவன் காலத்தில் கோல்காப்பாளனை இடித்துத் தள்ளலாம். கையில் பந்து இல்லாவிட்டாலும் தள்ளலாம். "வாசியும் ஐசே, சட்டம்," என்று விரல் வைத்துக் காட்டினேன்.

நீர் சட்டத்தை வாசிக்கவில்லை. படத்தைப் பார்த்தீர். "இவன் ஏன் மற்ற ஆக்களின்ர உடுப்பையே போட்டிருக்கிறான்?" என்றீர். கோல்காப்பாளனுக்கு அப்போது தனி நிறம் இல்லை என்றேன். "கோலின்ர மேல் கம்பம் எங்க?" கம்பம் இல்லை, நாடா கட்டியிருந்தார்கள் என்றேன். அன்றைக்கு வாதத்தில் வெல்ல வந்தவன் நான். பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, உம்முடைய மொழிபெயர்ப்பாளனாகத் திரும்பிப் போனேன்.

பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். நான் வாசித்துச் சொல்ல நீர் இந்தக் கொப்பியில் எழுதுவீர். அவனுக்குக் கப்பல் கட்டும் இடத்தில் வேலை, சனிக்கிழமையில் விளையாட்டு. நாட்டுக்காக மூன்று தரம் நின்றான். நான்காவது தரம் கூப்பிட முன்னம், ஒரு கோப்பைப் போட்டியில் மூன்று பேர் அவனைப் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளினார்கள். தோள் போய்விட்டது. பிறகு அவன் விளையாடவில்லை. புத்தகத்தில் அதற்கு இரண்டே இரண்டு வரி.

"அவன் கலியாணம் முடிச்சவனோ?"

"அது இதில இல்லை."

"வேலைக்குத் திரும்பிப் போனவனோ? கை ஏலாம என்ன செய்தவன்?"

"அதுவும் இல்லை, ஐசே."

"அப்ப என்ன மண்ணாங்கட்டிப் புத்தகம் கொண்டந்தனீர்?"

இதைக் கேட்பதற்காக மெல்பேர்னின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்கு ரயிலில் வந்தேன்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஒரே ஒரு இடத்தில் சேர்த்தீர். கடைசிப் பக்கத்தின் அடியில், தனி வரியாக: 'அது பவுல்.' வெட்டும் என்றேன். அவன் காலத்துச் சட்டத்தில் அது பவுல் இல்லை, நடந்த கதையில் நம் விருப்பத்தை எழுதக்கூடாது என்றேன். நீர் வெட்டவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டேன். "நான் போனாப்பிறகு நீர் வெட்டும்," என்று சிரித்தீர். சாகக் கிடக்கிற மனிதனுக்கு இவ்வளவு பிடிவாதம் கூடாது.

இப்போது கொப்பி என் கையில். சிவப்புப் பேனையால் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். முன்னும் பின்னுமாக எழுதியிருந்த ஆட்டங்களை ஒழுங்குபடுத்தினேன். 'மாவீரன்' என்று எழுதியிருந்த இடமெல்லாம் 'கோல்காப்பாளன்' ஆக்கினேன். கடைசி வரிக்கு வந்தபோது உம்முடைய மகள் தொலைபேசியில் வந்தாள்.

"அங்கிள், அந்தக் கடைசி வரி அந்த வெள்ளைக்காரரைப் பற்றியோ, அப்பாவைப் பற்றியோ?"

"ஏன் பிள்ளை?"

"அப்பாவின்ர தோளும் விளையாட்டிலதானே உடைஞ்சது. ஆர் இடிச்சதெண்டு கேட்டா ஒருநாளும் சொல்லமாட்டார். உங்களுக்குத் தெரியுமோ?"

இத்தனை வருடம் உங்கள் வீட்டில் சோறு தின்றிருக்கிறேன். அவளுடைய கலியாணத்தில் முன்வரிசைக் கதிரையில் இருந்திருக்கிறேன். நீர் சொல்லவே இல்லை. என்னோடு மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை பிடித்துக்கொண்டு, அவளிடம் வாயை மூடிக்கொண்டிருந்தீர். இப்படி ஒரு மனிதனோடு எப்படி வாதாடுவது?

"பிறகு சொல்லுறன் பிள்ளை," என்று வைத்துவிட்டேன்.

உம்முடைய வரியை நான் வெட்டவில்லை. ஆனால் பிழையாகவும் விடமுடியாது. அதற்குக் கீழே குறிப்பு ஒன்று எழுதினேன்: 'இவருக்கு நடந்தது அக்காலச் சட்டப்படி பவுல் அல்ல. இந்தக் கொப்பியை எழுதியவருக்கு டண்டினொங்கில் நடந்தது பவுல். இடித்தவன் நான்.' அடியில் என் முழுப் பெயரைப் போட்டேன். நாளைக்கு நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். அவள் வாசித்து முடிக்கும்வரை அங்கேயே இருப்பேன்.

நீர் வென்றுவிட்டதாக நினைக்கவேண்டாம். அந்த ஸ்கொட்லாந்துக்காரன் விசயத்தில் நான் ஒரு அங்குலமும் விட்டுத்தரவில்லை.

குறிப்பில் எழுதாதது ஒன்று இருக்கிறது. உம்முடைய எலும்பு முறிந்தபோது காய்ந்த தடி முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது. என் வலத் தோளுக்கு அது இன்னும் தெரியும். நடுவர் விசில் ஊத முன்னமே எனக்குக் கேட்டது, ஐசே. கேட்ட பிறகுதான் கோல் என்று கையை உயர்த்தினேன்.