நிச்சயத்துச் சட்டையின் சிப்பிப் பொத்தான்கள்

அன்புள்ள ஜெரெமி அண்ணனுக்கு,

இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. முக்கியமாக நீ கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் காட்டாதே, போனிலும் மூச்சு விடாதே. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதற்கு மேலே இருக்கும், அதில் நாங்கள் எல்லோரும் நலம், மாதா கிருபையால் நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதியிருக்கிறேன். அது அம்மாவின் நலம். என்னுடையது இந்தத் தாளில்தான் இருக்கிறது, அவ்வளவு நன்றாக இல்லை. காலையில் அப்பா உறையை ஒட்டுவதற்குள் இதை உள்ளே செருக வேண்டும். எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த நிமிஷம் நிறுத்த வேண்டி வருமோ, அதனால் கடைசியில் எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன்: வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, மாதா உன்னோடு இருப்பாள், இப்படிக்கு உன் தங்கை ஆன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஜூலை பதினாலு ஊர்வலத்துக்கு இப்போதே பிரெஞ்சுப் பட்டாளத்து மெடல்களைத் துடைத்து வைத்துவிட்டார். ஏஸ்தெலின் அப்பா அம்மா வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார்கள், சாரத்து வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மா அவளை நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். இன்னும் இரண்டு மாதத்தில் உனக்கும் அவளுக்கும் கல்யாணம், வரட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மீன் தலையை அம்மா அவள் தட்டில் வைக்கிறாள். அது உன்னுடையது, நீ இல்லாத நாளில் என்னுடையது. அப்பா அவளோடு பிரெஞ்சில் பேசிச் சிரிக்கிறார், நான் வாய் திறந்தால் இலக்கணம் திருத்துகிறார். அண்ணி என்று கூப்பிடச் சொல்லி அம்மா தினமும் சொல்கிறாள். கல்யாணம் ஆகட்டும் பார்க்கலாம் என்று நான் பேரும் சொல்லாமல் முறையும் சொல்லாமல் இங்கே வாங்க, அதை எடுங்க என்று சமாளித்துக்கொண்டிருந்தேன்.

நிச்சயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கல்யாணத்துக்கும் போடுவேன் என்று சொல்லி விட்டுப் போனாயே, பீரோவிலேயே இருந்து கழுத்துப்பட்டை பழுத்துவிட்டது. நான் துவைக்கிறேன் என்று எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து வாங்கி, அவ புருஷன் சட்ட, இனிமே அவ பாத்துக்குவா, நீ போய்ப் படி என்றாள். உன் சட்டைகளை இத்தனை நாளும் யார் துவைத்தது. அந்தப் பொத்தான் நிஜமான சிப்பி, கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும் என்று நீ எனக்குத்தான் வைத்துக் காட்டினாய். ஆன் துவைச்சாத்தான் பொத்தான் பொத்தானா இருக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். பொத்தானை எல்லாம் துளையிலிருந்து கழற்றி, சட்டையை உள்பக்கம் திருப்பி, தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, ஆறிய தண்ணீரில் கொஞ்சமாக சோப்புக் கரைத்து அமுக்கி அமுக்கி எடுப்பேன். கல்லில் அடித்ததில்லை, பிரஷ் போட்டதில்லை, பிழிந்ததுகூட இல்லை, துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து நிழலில்தான் போடுவேன். இஸ்திரிக்கும் துண்டை நாலாக மடித்துப் போட்டு, பொத்தான் அதில் புதையும்படி கவிழ்த்து, பின்பக்கமாகத் தேய்ப்பேன். நீயும் அங்கே மெஷினில் அப்படியே போடாதே, உறைக்குள் போட்டுப் போடு.

ஏஸ்தெல் என்ன செய்தாள் தெரியுமா. நம் வீட்டுக் குழாயில் படியும் உப்புக் கறையை நான் எலுமிச்சைத் தோலால் தேய்த்து எடுப்பதைப் பார்த்திருக்கிறாள். சட்டை பழுத்ததும் இந்தத் தண்ணியாலதான், எலுமிச்சம்பழம் கெடைக்குமா ஆன் என்று கேட்டாள். சிப்பிக்குப் புளிப்பு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் சிஸ்டர் ஒரு சிப்பியை வினிகரில் போட்டுக் காட்டினார்கள், பொங்கிப் பொங்கிக் கரைந்தது. தெரிந்தேதான் கூடையில் இருந்த பழத்தை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாற்றை வாளியில் பிழிந்து, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று சட்டையை அமுக்கினாள். பொத்தானைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக நுரை வந்தது. பாரேன், அழுக்கு எப்டிக் கெளம்புது என்று சந்தோஷப்பட்டாள். நான் ஆமாம் அண்ணி என்றேன். முதல் தடவை. அவள் ஈரக் கையோடு என்னை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். அந்த ராத்திரி எழுந்து வந்து வாளியைத் திறந்து பார்த்தேன், கையை விட்டு எடுத்திருக்கலாம், மூடிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது, பொத்தான்கள் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகியிருந்தன. தொட்டால் விரலில் மாவு ஒட்டியது. அம்மா முகம் மாறிவிட்டது. ஒரு சட்ட தொவைக்கத் தெரியல, எம் புள்ளய எப்டிப் பாத்துக்கப் போறா என்று அவள் காதில் விழும்படியே சொன்னாள். நிச்சயத்துச் சட்ட இப்டி ஆனது நல்லதுக்கில்ல என்று அப்பாவிடம் வேறு சொன்னாள். இன்று மீன் தலை என் தட்டுக்கு வந்தது. எனக்கு இறங்கவில்லை அண்ணா. எலுமிச்சம்பழத்தை யார் கொடுத்தது என்று அம்மா கேட்டபோது, நாந்தான் எடுத்தேன், ஆனுக்கு ஒண்ணும் தெரியாது அத்த என்று அவள் சொல்லிவிட்டாள். அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது, நல்லவள் என்ற பேரையும் அவளே எடுத்துக்கொள்கிறாள். பாத்திரம் கழுவும்போது அழுதாள், தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

நாளை அவள் அப்பா அம்மா கூட்டிப்போக வருவார்கள். அவங்க கிட்டயே கேக்கறேன், பொண்ண எப்டி வளத்தீங்கன்னு என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் அவள் அப்பா சும்மா இருக்க மாட்டார், பெரிய பேச்சாகிவிடும். இந்தத் தாள் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் அவளே உன்னிடம் தான் கெடுத்ததாகச் சொல்லப்போகிறாளாம். நீ அவளைத் திட்டியிருந்தால் உடனே திரும்ப வாங்கிக்கொள். ரொம்பவும் கொஞ்ச வேண்டாம். வரும்போது அதே சிப்பிப் பொத்தான் வாங்கி வா, கைக்கும் சேர்த்து. நானே தைக்கிறேன். இல்லை, அவளும் தைக்கட்டும், கைப்பொத்தான் மட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, நான் செய்தேன் என்று சொன்னால் அம்மா என்னை இனி எதையும் தொட விடமாட்டாள், நீயும் உன் சட்டையை என்னிடம் கொடுக்க மாட்டாய். சொல்லாவிட்டால் நாளைக்கு அவள்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இல்லை, அம்மா தட்ட மாட்டாள், தள்ளுவாள். ஆன், வயிறு வலிக்குதா, ரொம்ப நேரமா உள்ள இருக்க, கதவத் தொறம்மா என்று கேட்கிறது. அண்ணி