நாகராஜன் திருப்பி அனுப்பிய மயில்

ஆடி 9, வெள்ளிக்கிழமை

இன்று மயில் படம் போட்ட பழைய தீப்பெட்டி லேபிள், இருபது ஆண்டுகளாகத் தேடியும் என் தொகுப்பில் சேராத அந்த ஒன்று, வீடு வந்து சேர்ந்தது.

இதே லேபிளை முதலில் வாங்கியவர் அடையாறு நாகராஜன், ஒரு வெளிநாட்டு இணையச் சந்தையில். தபால்காரர் இறக்குமதி வரி கேட்டதும் ஒரு துண்டுக் காகிதத்துக்கு வரி கட்டுவதில்லை என்ற கொள்கைக்காகப் பார்சலைத் திருப்பி அனுப்பினார். அதை எங்கள் சேகரிப்பாளர் கூட்டத்தில் வீரச்செயலாகவும் விவரித்தார். நானோ அன்றிலிருந்து அந்தத் தளத்தை நாள்தோறும் பார்த்துவந்தேன். லேபிள் மறுபடி விற்பனைக்கு வந்ததும் வாங்கிவிட்டேன்.

"உள்ள இன்னாம்மா கீது, தங்கமா? இவ்ளோ வரி போட்டுக்கீறான்!" என்றார் தபால்காரர். விலையில் பாதி. மறுபேச்சின்றிக் கட்டினேன்.

மாலையில் நாகராஜனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"உங்க மயில் எங்காத்துக்கு வந்துடுத்து."

"வரி கட்டினேளா, மாமி?"

"கட்டாம? உங்க கொள்கையையா ஆல்பத்துல ஒட்டறது?"

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாமா?"

"பேஷா வாங்கோ. தொடப்படாது."

ஆல்பத்தை மூட இன்னும் மனம் வரவில்லை.