மணி கேட்டுச்சா?

ஜூன் 3, செவ்வாய்

கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. இரண்டு. என் கல்லூரித் தோழி நெட்டை காலையிலிருந்து ஆபீஸில் ஒரு வேலையும் பார்க்காமல் மூன்று கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பிடித்திருக்கிறாள். ஜூலை 19, சனிக்கிழமை, மாலை ஆறு மணி. மைனா கடைசியாக மேடையேறி ஒன்பது வருஷமாகிறது. மைனா என்பது அந்தப் பாடகிக்கு நாங்கள் வைத்த பேர். கல்லூரி விடுதியில் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, ஒரே இயர்போனை ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு கேட்ட நாளிலிருந்து அந்தக் குரலுக்கு நாங்கள் அடிமை.

மணிப் பாட்டில் முதல் வரி முடிந்ததும் சின்னதாக ஒரே ஒரு மணி அடிக்கும். பதிவில் அது இடது பக்கம் மட்டும்தான் வரும். வலது பக்கத்தை மாட்டியிருப்பவள் மற்றவளிடம் "மணி கேட்டுச்சா?" என்பாள். அதிலிருந்து போனில் எங்களுக்கு ஹலோ கிடையாது. மணி கேட்டுச்சா, கேட்டுச்சு. அப்புறம்தான் மற்ற பேச்சு.

சந்தோஷத்தில் பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டேன். மணி வரவில்லை. இயர்போன் போய்விட்டது போல.

ஜூன் 4, புதன்

புது இயர்போன். மணி இல்லை.

இடது பக்கத்தை எடுத்து வலது காதில் மாட்டிப் பார்த்தேன். டிங் என்று சுத்தமாகக் கேட்டது.

காதில் அழுக்கு இருக்கும். அழுக்குதான்.

ஜூன் 6, வெள்ளி

ஊராருக்கெல்லாம் காது சோதிப்பவள் தனக்குச் சோதிக்க மூன்று நாள் யோசித்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வேலை. சத்தம் புகாத அறைக்குள் நோயாளியை உட்கார வைப்பேன், ஹெட்போனை மாட்டுவேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷினில் பீப் கொடுப்பேன். கேட்டால் அவர் பட்டனை அமுக்குவார், என் பக்கம் பச்சை விளக்கு எரியும்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் மெஷினையே உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு நானே பீப் கொடுத்து நானே அமுக்கினேன். இரண்டு காதும் நார்மல். அழுக்கும் இல்லை, டாக்டரின் டார்ச்சை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். கோணல்மாணலாக நின்று கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நிம்மதி.

ஜூன் 9, திங்கள்

நிம்மதியாவது ஒன்றாவது.

இன்று ஒரு தச்சர் வந்தார். இடது காது மங்கி இரண்டு மாதமாம். வழக்கம்போல் பிடித்துக்கொண்டேன். "திடீர்னு மங்கினா ரெண்டு வாரத்துக்குள்ள வரணும். அதுக்கப்புறம் மருந்து கொடுத்தும் பிரயோஜனம் இல்ல. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" அவர் பாவமாக, "வலிக்கலையேம்மா" என்றார்.

எனக்கும் வலிக்கவில்லை. காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம், நேற்றிலிருந்து. மணி வராத நாளிலிருந்து நாட்களை எண்ணினேன். ஆறு.

டாக்டரிடம் சொல்லலாம். பக்கத்து அறைதான். சொன்னால் முதல் வார்த்தை என்ன வரும் என்று எனக்குத் தெரியும், எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார் — சத்தமான இடத்துக்குப் போகாதீங்க. ஒன்பது வருஷம் காத்திருந்தது இதைக் கேட்கவா? வெள்ளிக்கிழமை நார்மல் என்றுதானே வந்தது. மெஷின் பொய் சொல்லுமா? சொல்லாது. அப்போ மணி எங்கே போச்சு?

ஜூன் 10, செவ்வாய்

நெட்டை போன். "மணி கேட்டுச்சா?" "கேட்டுச்சு" என்றேன். பதினெட்டு வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய்.

ஜூன் 12, வியாழன்

எழுதவே பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வரவேற்பு மேஜை அக்காவிடம் போய் நின்றேன். சீட்டு எழுதுவதும் போன் எடுப்பதும்தான் அவர் வேலை, மெஷினைத் தொட்டதே இல்லை. அதனால்தான் அவர். "எந்தப் பட்டனை, எப்ப வேணா அமுக்குங்கக்கா. ஒழுங்கா மட்டும் அமுக்காதீங்க" என்றேன். "ஒழுங்கில்லாம செய்யறதுக்கு என்னை விட்டா ஆள் ஏது" என்று உட்கார்ந்தார். இடது காது மட்டும். நான் உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். பீப் மெல்லியதாக, மிக மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்தேன். அக்கா முகத்தில் சிரிப்பு இல்லை.

"நடுவுல ஒரு போன் வந்துச்சும்மா. எழுந்துபோய் பேசிட்டு வந்தேன். மெஷின் பக்கமே நான் இல்ல. அந்த நேரத்துல நீ நாலு தடவை அமுக்குன. பச்சை விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது."

நாலு தடவை. ஒன்றுமே ஒலிக்காதபோது.

பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் பீப்புக்கும் பீப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று என் கைக்குத் தெரியும். காது கேட்கவில்லை, கை எண்ணியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நார்மலும் அப்படி வந்ததுதான். எனக்கு நானே பிட் எழுதிக் கொடுத்துப் பாஸாகியிருக்கேன். ஐயோ, ஒம்பது நாளு போச்சே. யாரைச் சொல்றது? அந்தத் தச்சரைப் போய்த் திட்டினேனே.

அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இப்ப நீயா டாக்டர்கிட்ட போறியா, நான் சீட்டு எழுதட்டுமா?" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

போனேன். டாக்டரே சோதித்தார். இடது காதில் கீச்சென்ற மேல் ஸ்தாயிச் சத்தங்கள் கிட்டத்தட்ட இல்லை. மாத்திரை இன்றே ஆரம்பம், அடுத்த வாரம் காதுக்குள் ஊசி. "நீங்களுமா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பத்து நாளாக டிவியை நான் ஏன் அலற விடுகிறேன் என்று இப்போதுதான் புரிந்ததாம். "என்கிட்ட கோவம்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்ன பாதி எனக்குக் கேட்காததால் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அப்புறம் பக்கத்தில் வந்து, என் வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். அதற்குத்தான் அழுதேன்.

ஜூன் 21, சனி

இரண்டாவது ஊசி. ஊசி போட்ட கையோடு தரை ஒரு சுற்று சுற்றியது. மாத்திரையில் பசி, எரிச்சல், வீங்கிய முகம். இதெல்லாம் தாங்குகிறேன். தாங்க முடியாதது அந்தக் கொய். இனி வாழ்நாள் முழுக்க மைனா பாடும்போதும் பின்னால் இதுவும் பாடுமா?

ஜூன் 28, சனி

பாட்டுப் போட்டுப் பார்க்கவில்லை. கேட்காவிட்டால் என்ன செய்வது? கேட்டாலும் நம்ப மாட்டேன். மணி எங்கே வரும் என்று எனக்கு மனப்பாடம். மனசே அடித்துக் காட்டிவிடும்.

ஜூலை 4, வெள்ளி

மறுபடி சோதித்ததில், தாளில் இடது காதின் கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். அதிலும் நான் பழகிய கையால் அமுக்கியது எத்தனையோ.

கச்சேரிக்குக் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு காதை இப்பதான் கையைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு இருக்கோம். அதுவும் விழுந்து, இன்னொண்ணும் விழுந்தா? நான் போகச் சொல்ல மாட்டேன். நீங்க மத்தவங்களுக்கு என்ன சொல்வீங்களோ, அதையே உங்களுக்கும் சொல்லிக்கங்க."

சொல்லிக்கொண்டேன். போகப்போவதில்லை.

ஜூலை 12, சனி

நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பொய் உட்பட. "நானும் போகல. மைனாவாவது மண்ணாவது" என்று குதித்தாள். ஒருத்தி காதாவது நேரில் கேட்கட்டும் என்று சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. என் டிக்கெட்டை அக்காவுக்குக் கொடுத்தேன். "யாரு அந்தப் பொண்ணு, நல்லா பாடுமா?" என்றார். நெட்டை கேட்டிருந்தால் கொலை விழுந்திருக்கும்.

ஜூலை 19, சனி

மாலை ஏழே காலுக்கு அக்காவிடமிருந்து அழைப்பு. "உன் தோழி நின்ன இடத்துல நிக்காம குதிக்கிறா, அதான் போனை நான் பிடிச்சிருக்கேன். அந்தப் பாட்டாம். கேளு" என்று கத்தினார். கூட்டத்தின் இரைச்சல். சத்தத்தைக் குறைத்தேன். போன் வலது காதில் இருந்தது. வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடதுக்கு மாற்றினேன். ஊசிக்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை.

மைனா முதல் வரி பாடினாள். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. வரி முடிந்தது. மணி வரவில்லை.

போச்சு. எல்லாம் போச்சு. ஊசி, மாத்திரை, டிக்கெட், எல்லாம்.

போனை வைக்கப் போனேன், கை வரவில்லை. இரண்டாவது வரி முடிந்தது. டிங்.

பாட்டில் அந்த இடத்தில் மணி கிடையாது. பதிவில் கிடையாது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அங்கே அடித்ததில்லை. ஒன்றும் ஒலிக்காதபோது நாலு தடவை அமுக்கினவள் நான். இது ஐந்தாவதா?

வீட்டுக்காரர் "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

யாருக்கும் நான் போன் செய்யவில்லை. காலை பதினோரு மணிக்கு நெட்டை கூப்பிட்டாள். தொண்டை கட்டியிருந்தது. பழைய கேள்வியைக் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள், மெதுவாக.

"மணி கேட்டுச்சா?"

"மொத வரிக்கு அப்புறம் வரல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டாவது வரிக்கு அப்புறம் வந்துச்சு."

"அக்கா சொன்னாங்களா?"

"அக்காகிட்ட இன்னும் பேசவே இல்லடி."

ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "மைனா நேத்துதான் மணியோட இடத்தை மாத்தியிருக்கா," என்றாள். "எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. எந்தக் காதுல வெச்சிருந்த?"

"இப்ப வெச்சிருக்கேனே, அதே காதுலதான்" என்றேன்.