காவல் மணி

சென்னை
11.11.2024

கர்த்தருக்குள் பிரியமான சுதா,

இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். போன தடவை அனுப்பிய பாசிமணிப் பார்சலுக்குள் நான் ஒரு பக்கம் எழுதி வைத்தால், நீ ஆறு பக்கம் பதில் எழுதியிருக்கிறாய்! என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, போன்னு ஒண்ணு வந்தது ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியாதா?" என்கிறார். புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பேசிய பேச்சு, போனில் அடங்குமா என்று நான் கேட்டேன்.

இங்கே பீட் ஷோ நல்லபடியாக முடிந்தது. பெரிய ஹால், சுற்றிலும் மணி விற்கிற கடைகள். நடுவில் மேஜை போட்டு எங்களைப் போன்ற டீச்சர்கள் நகை பின்ன வகுப்பு எடுப்போம். நின்று நின்று எனக்குக் கால் வீங்கிவிட்டது. நீ கடுகு போன்ற சுகர் மணியில் பின்னி அனுப்பிய ஜிமிக்கியை என் மேஜையில் வைத்திருந்தேன். புனேயிலிருந்து வந்த ஒரு பெரிய டீச்சர் வேறு எதையும் பார்க்காமல் அதையே கையில் எடுத்து, இது யார் செய்தது என்று கேட்டார். என் ஸ்டூடண்ட் என்றேன். சரிதானே? உங்களைவிட நேர்த்தியாக இருக்கிறதே, அடுத்த ஷோவுக்கு அவளையே வகுப்பு எடுக்கக் கூட்டி வாருங்கள் என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஷோ நடத்துகிற அம்மா காதில் அது விழுந்து, உன் நம்பர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கண்டவர்களும் போன் செய்தால் உன் வீட்டில் என்ன நினைப்பார்கள்?

நீயும் ஒரு தடவை ஷோவுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. இங்கே எல்லாம் இங்கிலீஷ்தான். ஒரு மேஜைக்காரிக்கு இன்னொரு மேஜைக்காரியைக் கண்டால் ஆகாது. உனக்கு இந்த அழுக்கெல்லாம் எதற்கு? ஊரில் அக்கம்பக்கத்துக்குச் செய்துகொண்டு நிம்மதியாக இரு.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன். கழுத்தோடு ஒட்டிக் கிடக்கிற பைப் மணி சோக்கர் வேண்டும் என்று நச்சரித்தாயே, சொல்லிக் கொடுக்கிறேன். உன்னிடம் காசா வாங்கப் போகிறேன்?

அன்புடன்,
ஜீனா


கோவில்பட்டி
2.3.2025

அன்புள்ள ஜீனாவுக்கு,

உன்னையும் அண்ணனையும் பிள்ளைகளையும் நினைக்காத நாள் இல்லை. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மற்றபடி சுகத்துக்குக் குறைவில்லை.

கிறிஸ்துமஸ் விருந்தைக்கூட விட்டுவிட்டு ஒரு பகல் முழுக்க என் வீட்டில் உட்கார்ந்து சோக்கர் சொல்லிக் கொடுத்தாயே, அதை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன். அந்தக் கண்ணாடிக் குழாய்கள் அரிசி நீளம்கூட இல்லை. அவற்றை வரிசையாக நிறுத்திப் பின்னி முடித்தபோது எனக்கே என் கையை நம்ப முடியவில்லை.

மாடியில் வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் பெண்கள் நேரே இங்கே வருகிறார்கள். பாலம்மாள் என்று ஒருத்தி, "யக்கா, குச்சி அடுக்குன கைக்கு இதெல்லாம் வருமா?" என்று பயந்துகொண்டே உட்கார்ந்தாள். இப்போது எனக்கே டிசைன் சொல்கிறாள். இவர்தான் கயத்தாறு லாரிப் பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக, "என்னட்டி, லாரிக்கு ஒரு மாலை கட்டித் தருதியா?" என்று கிண்டல் செய்கிறார். செய்யட்டும். மாடிப்படியில் செருப்பு நிறைந்து கிடப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் போகிறார்.

முக்கியமான செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பலசரக்குக் கடை பூவனலிங்கம் அண்ணாச்சி மகளுக்கு வைகாசியில் கல்யாணம். ரிசப்ஷனுக்குப் புடவை நிறத்தில் பைப் மணி சோக்கர் வேண்டும் என்று அந்தப் பெண்ணே வந்து கேட்டாள். "ஒங்களுக்குக் கைராசிங்காவ, அதான் ஒங்ககிட்டயே வந்தேன்" என்றாள். மணப்பெண் கழுத்துக்கு நான் செய்வது இதுதான் முதல் தடவை. ஊர் முழுக்க வந்து பார்க்கப் போகிறது. இது நல்லபடியாக அமைந்தால் எனக்கு வேறு விளம்பரம் வேண்டாம். நான் கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் மறக்காமல் எழுது.

உன்,
சுதா


சென்னை
17.3.2025

கர்த்தருக்குள் பிரியமான சுதா,

ரொம்ப சந்தோஷம். மணப்பெண் ஆர்டர் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நீ கேட்ட நிறத்தில் பைப் மணியும், நான் பயன்படுத்துகிற அதே நூலும் அனுப்பியிருக்கிறேன். நகையை வைத்துக் கொடுக்க ஒரு சாட்டின் பையும் இருக்கிறது. பார்வைக்கு எடுப்பாக இருக்கும்.

கவனிக்க வேண்டியது என்று தனியாக எதுவுமில்லை. நீதான் என்னைவிட நேர்த்தியானவள் ஆயிற்றே! எனக்கு மதுரையில் ஷோ வருகிறது, தலைக்கு மேல் வேலை. சுருக்கமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள்.

அன்புடன்,
ஜீனா


கோவில்பட்டி
14.6.2025

அன்புள்ள ஜீனாவுக்கு,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சோக்கர் அறுந்துவிட்டது. மேடையில், எல்லோர் கண்ணெதிரிலும். போட்டோக்காரர் அந்தப் பெண்ணை மாப்பிள்ளை பக்கம் திரும்பச் சொன்னார். அவள் கழுத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான். பைப் மணி எல்லாம் ஜமுக்காளத்தில் கொட்டி உருண்டது. சின்னப்பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கின. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று, "காலைல தாலி ஏறுன கழுத்து. பொழுது சாயும் முன்ன இப்பிடி அறுந்து விழுதே" என்றார். மேளம்கூட நின்றுவிட்டது. பூவனலிங்கம் அண்ணாச்சி என்னைத் தேடிப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்புக்கு யாரும் வரவில்லை. பாலம்மாள் மட்டும் படியேறி வந்து, வாசலிலேயே நின்றாள். "யக்கா, எந் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒங்ககிட்டச் செய்யச் சொன்னேம்லா? அது வேண்டாம்க்கா. நான் ஒண்ணும் நெனைக்கல, வீட்லதான் சத்தம் போடுதாவ" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

நூல் நீ அனுப்பியது. மணி நீ அனுப்பியது. பின்னல் நீ சொன்ன மாதிரியேதான். எங்கே தவறினேன் என்று எனக்கு விளங்கவில்லை. நீ சொல்லிக் கொடுத்த அன்றைக்குக் குழாயின் ஓரம் என் விரலைக் கீறியது, ஞாபகம் இருக்கிறதா? "இது நூலை அறுக்காதா ஜீனா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுஞ் செய்யாது, நீ இழு" என்றாய். வேறு ஏதோ ஒன்றில்தான் என் கை பிசகியிருக்கிறது. தயவுசெய்து யோசித்துச் சொல். அதைத் திருத்தினால்தான் நான் இந்த ஊரில் மறுபடி தலைநிமிர்ந்து நடக்க முடியும்.

சுதா


சென்னை
27.6.2025

பிரியமான சுதா,

கேட்டு மனம் கஷ்டப்பட்டது. உனக்காக ஜெபித்தேன்.

நீ நூலை அதிகமாக இறுக்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். உன் கை எப்போதும் இறுக்கம்தான், தையலிலேயே நான் பார்த்திருக்கிறேன். அதோடு, கை நன்றாகப் பழகும் முன்பே மணப்பெண் ஆர்டரை எடுத்திருக்கக் கூடாது. எனக்கே அந்தத் தைரியம் வர எத்தனையோ வருஷம் ஆயிற்று. நான் சொல்லிக் கொடுத்தேன் என்று ஊரில் எங்கேயும் சொல்லிக்கொண்டிருக்காதே. அங்கே நடந்தது இங்கே வரை வந்தால் என் வகுப்புக்கும் கெட்ட பெயர்.

கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கலங்காதே.

ஜீனா


சென்னை
23.9.2025

பிரியமான சுதா,

முந்தாநாள் மதுரை ஷோவில், என் வகுப்பில், கடைசி வரிசையில் உன்னைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. வருவதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வகுப்பு முடிந்ததும் உன்னைத் தேடினேன். அதற்குள் போய்விட்டாய். போன் செய்தால் உன் நம்பர் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

உன்னிடம் வந்து தெரியாதவளிடம் பேசுவது போலப் பேசினேன் என்று வருத்தப்பட்டிருப்பாய். ஷோ நடத்துகிற அம்மா என் தோளை உரசிக்கொண்டு நின்றார். அந்த ஜிமிக்கிக்காரி இவள்தான் என்று தெரிந்தால், அங்கேயே உன்னை மேடையில் ஏற்றிவிடுவார். என் நிலைமையையும் நீ கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அன்று வகுப்பில் சொன்ன காவல் மணி விஷயத்தை உன்னிடம் வேண்டுமென்றே மறைத்தேன் என்று நினைப்பாய். இந்தத் தொழிலில் எவள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டுகிறாள், சொல். காசு கட்டி வருகிறவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கேள்வி கேட்பார்கள். எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒவ்வொன்றாக அறுந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். உனக்கும் வீட்டில் ஒன்றிரண்டு அறுந்தால் நீயே கண்டுபிடித்துவிடுவாய் என்று இருந்துவிட்டேன். மேடையில் போய் அறுந்துவிழும் என்று நான் கண்டேனா?

ஒன்று செய்யலாம். ஜனவரியில் சென்னை ஷோ வருகிறது. என் மேஜையில் பாதி உனக்கு. பழைய சிநேகிதத்துக்காகச் சொல்கிறேன். பதில் எழுது.

அன்புடன்,
ஜீனா


கோவில்பட்டி
6.10.2025

ஜீனா டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் என்னை "நீங்க" என்று கூப்பிட்டீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் உங்களை வேவு பார்க்க வரவில்லை. என் கையில்தான் குறை என்று எழுதினீர்கள், அதை நம்பினேன். இத்தனை நாளும் நூலைத் தளர்த்தித் தளர்த்திப் பின்னிப் பார்த்தேன். அதுவும் அறுந்தது. மதுரையில் மறுபடி ஷோ என்று கேள்விப்பட்டதும், சரி, பணம் கட்டியாவது கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்றுதான் பஸ் ஏறினேன். வகுப்பு தொடங்கியதும் மைக்கைப் பிடித்து நீங்கள் முதலில் சொன்னதே அதுதான்: "பைப் மணியோட ஓரம் பிளேடு மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் மேலேயும் கீழேயும் ஒரு சுகர் மணியைக் காவல் வைங்க. இல்லேன்னா நூல் எப்ப வேணா அறுந்துடும்." என் பக்கத்தில் பொழுதுபோக்குக்கு வந்த ஒரு காலேஜ் பெண் பிஸ்கட் தின்றுகொண்டே தலையாட்டினாள். அவளுக்கு அது ஒரு சின்ன விஷயம். எனக்கு ஊசிக் காதில் நூல் நுழையவில்லை.

அப்போதுதான் நீங்கள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். என் மடியில் கிடந்ததைப் பார்த்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள். "நல்லா வருது. நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டீர்கள். கோவில்பட்டி என்றேன். "அப்படியா, ரொம்ப தூரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டீர்கள்.

நானே அறுத்துக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது மணப்பெண் கழுத்துக்கு என்று நான் மார்ச் மாதமே எழுதிக் கேட்டேனே. படித்துவிட்டுத்தானே சாட்டின் பை அனுப்பினீர்கள்? ஒரு வரி போதும் டீச்சர். மேலே ஒரு மணி, கீழே ஒரு மணி என்று ஒரு வரி. புனேக்காரிக்கு அந்த வரி எழுத மனசு வராவிட்டால் அவளை நான் மன்னிப்பேன். நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர். தாலி ஏறின அன்றைக்குக் கழுத்தில் கிடப்பது அறுந்தால் இங்கே என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

பூவனலிங்கம் அண்ணாச்சி மகளை ஆடிக்கு அழைத்து வந்தார்கள். புரட்டாசியும் முடியப் போகிறது, இன்னும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் கூப்பிட வரவில்லை. பைக் வாங்கித் தருவதில் ஏதோ தகராறு என்கிறார்கள். ஆனால் தெருவில் அதை யாரும் பேசுவதில்லை, என் கையைத்தான் பேசுகிறார்கள். மதுரையிலிருந்து வந்ததும், காவல் மணி வைத்துப் புதிதாக ஒன்று பின்னி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "ஒன் மணியப் பொறுக்குனமட்டும் அன்னைக்கே கண்மாய்ல கொட்டியாச்சு. இன்னும் எதுக்குத் தூக்கிட்டு வார?" என்றார். உள்ளே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

இவர் இப்போது கிண்டல் செய்வதில்லை. பட்டறை விட்டு வந்தால் சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறார். அந்தக் கிண்டலே தேவலை.

என்னைவிட நீங்கள் நன்றாக இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். எப்போதும் அப்படித்தான் இருந்தேன். என் ஒரு ஜிமிக்கியை எவளோ ஒருத்தி புகழ்ந்தது உங்களுக்கு இவ்வளவு உறுத்தும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுத் தின்றதை நினைத்தால் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

மேஜையில் பாதி எனக்கு வேண்டாம். உங்கள் நூலும் மணியும் மிச்சமிருந்ததை இந்தப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

என் வகுப்புக்கு இப்போது இரண்டு பெண்கள் வருகிறார்கள். சங்கரன்கோவில் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள். என் கைராசியைப் பற்றி இன்னும் அவர்கள் காதில் விழவில்லை. முதல் நாளே காவல் மணியைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "இது யாருகிட்டப் படிச்சீங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். மதுரையில் ஜீனா டீச்சர் என்று ஒருவரிடம், கட்டணம் கட்டிப் படித்தேன் என்றேன்.

"அவிய எந்த ஊரு?" என்று சின்னவள் கேட்டாள்.

தெரியாது என்றேன்.

இப்படிக்கு,
ம. சுதாராணி
கோவில்பட்டி