களை விதைத்த வாசல்

செப்டம்பர் 24, புதன்

காலை ஏழு மணிக்கு விதைத்தேன். வாசலில் இடப்பக்கம், சுற்றுச்சுவரை ஒட்டி, பன்னிரண்டடி நீளம், நாலடி அகலம். நான்கு வரிசை: தும்பை, நாய்க்கடுகு, கிலுகிலுப்பை, பண்ணைக்கீரை. எல்லாம் போன தை மாதம் ஏரிக்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் பொறுக்கியவை. கிலுகிலுப்பை விதைக்குத் தோல் கடினம். உப்புத்தாளில் தேய்த்து ஊறவைத்தேன். தும்பையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவினேன், மண்ணால் மூடவில்லை. ஒவ்வொன்றிலும் பாதியை எடுத்து வைத்திருக்கிறேன். தப்பு செய்வேன் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தோரு வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தினேன். வருடந்தோறும் பிள்ளைகள் கையில் தும்பைப் பூவைக் கொடுத்துப் பிளந்து பார்க்கச் சொன்னேன். ஒரு தும்பையையாவது விதையிலிருந்து விதைவரை நான் பார்த்ததில்லை. எழுபத்து மூன்று வயதில் இதென்ன ஆசை?

தை பிறந்ததும் வாசல் முழுக்க பேவர் கல் பதிக்கப் போகிறார்கள். விழுப்புரத்திலிருந்து மகன் மணிமாறனும் மருமகள் கவிதாவும் வரும்போது கார் உள்ளே நிற்க வேண்டுமாம். கவிதா போனில் கேட்டாள். "சரிம்மா" என்றேன். எதற்குத்தான் அப்படிச் சொல்லவில்லை?

இன்று விதைத்தால் மார்கழிக் கடைசியில் விதை முற்றிவிடும். கல் வருவதற்குள் முடித்துவிடலாம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

ஒன்றும் இல்லை. ஆழமாகப் போட்டுவிட்டேனோ?

அக்டோபர் 4, சனி

முளைத்திருக்கின்றன! ஆனால் நேற்றைய மழை வரிசைகளைக் கலைத்துவிட்டது. எது தும்பை, எது கோரைக்குப் பக்கத்தில் தானாக வந்த வேறொன்று? உருப்பெருக்கியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. இரண்டிலைப் பருவத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. தாவரவியல் வாத்தியார்!

அக்டோபர் 11, சனி

நாலிலை. கிலுகிலுப்பையை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. மொத்தம் நூற்றுப் பதினேழு.

அக்டோபர் 15, புதன்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் ஒரு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பெயர் அம்மணி, கிளியனூர்க்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். தீபாவளி வருகிறதே என்று கவிதாதான் பேசி அனுப்பியிருக்கிறாள். இனிமேல் புதன்தோறும் வந்து வாசலைச் சுத்தம் செய்வாராம்.

"என்னா சார், வாத்தியார் வூட்டு வாசல்ல இம்மாங் களை மண்டிக்கினு கெடக்குது? பாம்பு குடித்தனம் வந்துடும்!"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்துவிட்டார். என்ன வேகம்! ஒரு வேர்கூட அறுபடவில்லை. "வேணாம்" என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கவிதா ஏற்பாடு செய்ததைத் தடுத்ததாகும். களையை வேண்டுமென்றே வளர்க்கிறேன் என்றால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பார். இப்படி யோசித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். ஆமாம், உள்ளே போய்விட்டேன். காபி போட்டேன். பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன். வெளியே வந்தபோது பன்னிரண்டடியும் வெறும் மண்.

"நல்லாருக்கா சார்?"

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றேன்.

நான் என்ன மனுஷன்?

அக்டோபர் 17, வெள்ளி

என் மனைவி வீரம்மாள் இருந்தவரை எனக்காக அவள் பேசுவாள். கடைக்காரனிடம், வீட்டுக்காரனிடம், தலைமையாசிரியரிடம்கூட. அவள் போய் நாலு வருடம். நான் இன்னும் யாராவது பேசுவார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி வாரம் என்று அம்மணி நேற்று வரவில்லை. எடுத்து வைத்திருந்த பாதியை இன்று மறுபடி விதைத்தேன். கணக்குப் பார்த்தால் விதை முற்றத் தை கடைசி ஆகிவிடும். கல் அதற்கு முன்பே வந்துவிடும். தெரிந்தேதான் விதைத்திருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை அம்மணி வருவார். சொல்ல வேண்டும். என்ன சொல்வது? "அம்மா, இந்தப் பாத்தியில் உள்ளவற்றை நான் ஓர் ஆய்வுக்காக..." — பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

சொல்லிவிட்டேன்.

அவர் கேட்டைத் திறக்கும்போதே பாத்திக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. "இது நான் வெதைச்சதும்மா. போன தடவையும் நான் வெதைச்சதுதான்" என்றேன்.

அம்மணி என்னைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். "தும்பையவா?"

"ஆமா."

"நாக்கடுகையுமா?"

"ஆமாம்மா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. "சின்னப் புள்ளையிலேர்ந்து மல்லாட்டைக் கொல்லையில, கடலைக்கு நடுவுல இதுங்களப் புடுங்கிப் புடுங்கி எங் கையே காச்சுப் போச்சு. வெதைக்கிற ஆள இன்னைக்கித்தான் பாக்குறேன்!" பிறகு சட்டென்று முகம் மாறியது. "அன்னைக்கிச் சொல்லக்கூடாதா சார்? பக்கத்துலதான நின்னுகினு இருந்தீங்க? நாம்பாட்டுக்கு எல்லாத்தையும் புடுங்கிப் போட்டனே, பாவம்."

"காபி குடிக்கிறீங்களாம்மா?" என்றேன்.

நவம்பர் 5, புதன்

மறுபடி இரண்டிலை. அம்மணி குனிந்துகூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கை நீட்டினார். "அது தும்பை. அது பண்ணை. இது நாக்கடுகு. இது அருகு, இருக்கக்கூடாது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இத்தினியூண்டுல தெரியலன்னா அப்புறம் என்னா களை எடுக்குறது? பெரிசானா பயிரையும் சேத்துல்ல இழுத்துக்கினு வரும்."

அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஈர்க்குச்சி நட்டேன். பெயரும் தேதியும் குறித்துக்கொண்டேன். தும்பையின் வித்திலைக்கு நுனியில் லேசான பள்ளம் இருக்கிறது. முப்பத்தோரு வருடம் தெரியாது.

நவம்பர் 30, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. கிலுகிலுப்பையில் ஆறு சாய்ந்துவிட்டன. குச்சி கட்டினேன்.

டிசம்பர் 19, வெள்ளி

நாய்க்கடுகு நேற்றே மஞ்சளாகப் பூத்தது. இன்று தும்பை — முதல் பூ, மூன்றாவது செடி, காலை 6.40. வெள்ளை. ஒரு எறும்பு உள்ளே போய் வந்தது. பிளந்து பார்க்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

அம்மணியும் பாத்திக்கு எதிரே படியில் உட்கார்ந்து காபி குடித்தார். "எங்கூட வேலை பாக்குறவளுங்ககிட்ட சொன்னேன் சார். களைக்குக் களையெடுக்கப் போறேன்னு. எனக்குப் பேய் புடிச்சிருக்காம்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பூத்து நின்னா நல்லாத்தான் இருக்குது. நாங்க எங்க பூக்க வுட்டோம்" என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

கவிதா போன். காணும் பொங்கலன்று பேவர்காரரை அழைத்துக்கொண்டு வருகிறார்கள், அளவெடுக்க. மூன்றே நாள் வேலையாம். "சரிதானே மாமா?"

"ம்" என்றேன். "சரி" என்று சொல்லவில்லை. ஆனால் "ம்" என்றால் என்ன பொருள்?

தும்பை விதை இன்னும் பச்சை.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

நடந்தது நடந்தபடி.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. பேவர்காரர் செல்வகுமார் நல்ல மனிதர், என்னைக் கும்பிட்டார். டேப்பின் ஒரு முனையை மணிமாறனிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு பின்னால் நகர்ந்து வந்தார். அவருடைய குதிகால் பாத்தி விளிம்புக்கு வந்தது.

"தம்பி, அங்க கால வைக்காதீங்க!"

யாருடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சத்தம். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

மணிமாறன், "என்னாப்பா, களைதானே?" என்றான்.

"களைதாம்பா. நான் வெதைச்ச களை. வெதை இன்னும் முத்தல. இங்க கல்லு வேணாம். காரு தெருவுலயே நிக்கட்டும்." கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்றுதான் நினைத்தேன். "காருக்கா மாமா கேட்டோம்? போன வருஷம் மழையில இந்த வாசல்ல வழுக்கி வுழுந்தீங்களே. எங்ககிட்ட சொல்லாம ஒரு வாரம் நொண்டிக்கினு இருந்தீங்க, பால்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுது. உங்களுக்காகக் கல்லு போடுறோம்னு சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு காரைச் சொன்னோம்." அவள் கண் கலங்கியிருந்தது. "வேணாம்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? உங்க மனசுல என்னா இருக்குன்னு நாங்க எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?"

அவர்களும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. நானும் அவர்களிடம் சொல்லவில்லை. யாருக்காக இந்தக் கல்?

செல்வகுமார்தான் தொண்டையைக் கனைத்தார். "கேட்லேர்ந்து படி வரைக்கும் மூணடில ஒரு நடை போட்டுர்றேன் சார். வழுக்காத கல்லு. செடிப்பக்கம் ஆளுங்க போவாம நான் பாத்துக்கறேன்."

"கைப்பிடியும் வேணும்" என்றாள் கவிதா.

கைப்பிடியா? அதெல்லாம் கிழவர்களுக்கு. "கைப்பிடி வேணாம்மா" என்றேன். இரண்டாவது தடவை எளிதாகத்தான் வந்தது. அவள் சிரித்துவிட்டாள். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, படியருகில் மட்டும் போடச் சொன்னேன்.

ஜனவரி 24, சனி

நடை போட்டாயிற்று. நன்றாக இருக்கிறது. மணிமாறனிடம் சொன்னேன்.

பிப்ரவரி 4, புதன்

தும்பைத் தலைகள் காய்ந்துவிட்டன. ஒன்றை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினேன். பழுப்பு நிறத்தில், கடுகைவிடச் சிறியதாய், நாலு நாலாக விழுந்தன. அக்டோபர் 23 முதல் இன்று வரை: நூற்று நாலு நாள்.

ஒரு பொட்டலம் கட்டி அம்மணியிடம் நீட்டினேன்.

"ஐயோ, வேணாஞ் சார். இதக் கொண்டுபோயி எங்க ஊர்ல வெதைச்சேன்னு வெச்சுக்குங்க, கொல்லைக்காரன் என்னத் தொரத்திக்கினு வருவான்!"

மீதியை எடுக்கவில்லை. செடியிலேயே விட்டுவிட்டேன், விழுகிற இடத்தில் விழட்டும். மழை வந்தால் புதுக் கல்லின் இடுக்கிலும் முளைக்கத்தான் செய்யும். முளைத்தால் கவிதாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.