நாற்பத்தொன்றாம் இதழ், பன்னிரண்டாம் பக்கம்

என் அருமை பெயிண்டருக்கு,

லிஃப்ட்காரன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும், விட்டுவிடுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

தங்கச்சி, இதை உன் வீட்டுக்காரனுக்கு வாசித்துக் காட்டப்போவது நீதான். ஒன்றையும் விடாதே, ஒன்றையும் சேர்க்காதே. அந்த வேலையைச் செய்து நான் பட்டது போதும்.

நீ என் போனை எடுக்காமல் ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டையில் குவிந்து கிடக்கிறது. நம் டிவி தொடரில் மாமியார் இன்னும் மாடிப்படி இறங்கி முடிக்கவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று உனக்கு நான் சொல்லவே வேண்டாம்; கதவைத் திறக்கப்போகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் திறக்கிறாள். தொடர் எழுதுகிறவர்கள் என்னை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாயே, வாஸ்தவம்தான். போன வாரம் ஒரு போலீஸ் படத்துக்குப் போனேன். கதாநாயகன் செருப்பு மாட்டினால்கூட நூறு முரசு அடிக்கிறது. நீ வந்திருந்தால் இடைவேளையிலேயே வெளியே இழுத்துக்கொண்டு போயிருப்பாய். ஆனால் ஓர் இடத்தில், கதாநாயகனின் அம்மா தனியாகத் தட்டுக் கழுவும்போது, ஒற்றைப் புல்லாங்குழல் வந்தது பார். பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து, கேட்டாயா என்றேன். அங்கே இருந்த பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நம் படக்கதைப் பத்திரிகை 'ஒன்பதாம் திசை' நின்றுபோய்விட்டது. அறுபத்தேழாம் இதழோடு முடித்துவிட்டார்கள். பார்சல் வந்து பத்து நாளாக மெஷின் ரூமில், என் டூல் பாக்ஸ் மேல், பிரிக்காமல் கிடக்கிறது. ஞாயிறு பதினொரு மணிக்கு உனக்குப் போன் போட்டுக் கட்டம் கட்டமாகச் சொல்லித்தானே நான் எதையும் படித்திருக்கிறேன்? முதலில் நிறத்தைச் சொல், அப்புறம் ஆள் எங்கே நிற்கிறான் என்று சொல், வசனம் கடைசியில் என்பது நீ போட்ட சட்டம். இருபது வருடம் கடைப் பலகை எழுதியவன் வேறென்ன சொல்வாய். வெறும் சிவப்பு என்றால் விடமாட்டாய். என்ன சிவப்பு என்று குடைந்தெடுப்பாய்.

அந்த நாளை நீயே ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருப்பாய். இருந்தாலும் என் பக்கத்தையும் கேள். மறுநாள் காலையில் உனக்குக் கண் ஆபரேஷன். இதுதான் கடைசி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதாகத் தங்கச்சி வராந்தாவில் நின்று என்னிடம் அழுதாள். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நாற்பத்தொன்றாம் இதழைக் கேட்டுக்கொண்டிருந்தாய். பன்னிரண்டாம் பக்கம் வந்தது. ஒற்றைக்கைச் சமையல்காரன் கடலில் விழுந்துவிட்டான். கேப்டனைவிட அவன்தான் உனக்கு உசத்தி. "பொழைச்சிருவான்ல?" என்று கேட்டாய். நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "பொழைச்சிட்டான்டா" என்றேன்.

ஆபரேஷன் பலிக்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகு நீ கேட்ட முதல் கேள்வி, அடுத்த இதழ் வந்துவிட்டதா என்பது. அப்போது எந்த வாயால் சொல்வேன்? ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். நான் இருபத்தைந்து இதழ் சொன்னேன். புத்தகத்தில் கப்பல் வடக்கே போனால் என் வாயில் தெற்கே போனது. லிஃப்ட் கயிற்றுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டே சமையல்காரனுக்கு அடுத்த மாத வேலையை யோசிப்பேன். ஓவியர் இப்போதுதான் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறார், முன்பெல்லாம் சுமார்தான் என்று நீ பாராட்டும்போது எனக்கு உச்சி குளிர்ந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

புத்தகக் கண்காட்சியில் அத்தனை ரசிகர்கள் நடுவே, எரியும் கப்பலில் சமையல்காரன் மீன் வறுத்ததாக நான் சொன்ன கட்டத்தை நீ வர்ணித்தாயாம். சிரித்திருக்கிறார்கள். அவன் செத்து இரண்டு வருடம் ஆகிறது என்று ஒருவன் சொன்ன பிறகும், என் நண்பன் பார்த்துச் சொன்னான் என்று எனக்காகச் சண்டை போட்டாயாம். தங்கச்சி இதைச் சொன்ன அன்று என்னால் ஒரு ஸ்க்ரூவைக்கூட நேராக முடுக்க முடியவில்லை. அன்று மாலை போனில் நீ கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாய்: "கண்ணு போனப்பகூட நான் குருடன்னு நெனச்சதில்லடா. இன்னிக்குத்தான் நெனச்சேன்."

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வரையவும் வராது, நிறமும் தெரியாது. எரியும் கப்பலின் சிவப்பு என்ன சிவப்பு என்று நீ கேட்டபோது, பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடைக்கு நீ எழுதிய பலகையைத்தான் நினைத்துக்கொண்டு சொன்னேன். அந்த இருபத்தைந்து இதழிலும் இருந்தது உன் பெயிண்ட்தான்.

கடைசி இதழை இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கச்சியே படித்துச் சொல்லட்டும். ஆனால் நாற்பத்தொன்றை நான்தான் முடிக்க வேண்டும். பன்னிரண்டாம் பக்கம், கீழே ஒரே பெரிய கட்டம். நீலம், புதுப் பலகைக்கு நீ முதல் கோட்டிங் அடிப்பாயே, அந்த வெளிறின நீலம். ஆள் யாரும் இல்லை. வலது ஓரத்தில் அவனுடைய வெள்ளைத் தொப்பி மட்டும் மிதக்கிறது. வசனம் இல்லை. அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தை இரண்டு வருடமாக நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்டா. முடியவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ பேச வேண்டாம். திட்டக்கூட வேண்டாம். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாலே போதும்.

உன் கண்ணாக இருந்து கெடுத்தவன்,
லிஃப்ட்காரன்